38 டிகிரிக்கு மேலே: பெரம்பலூர், அரியலூர்க் கணினிகள் ஏன் நின்றுபோகின்றன

பென்டியம் 4 காலத்தில் இன்டெல் நிறுவனம் கேபினட் செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன் மையத்தில் இருந்த எண் 38. அறையின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டு, பெட்டிக்குள் போய் பிராசஸரின் ஃபேன் உறிஞ்சும் காற்று 38-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மிச்சத்தை ஹீட் சிங்க் பார்த்துக்கொள்ளும் என்பது கணக்கு. லேப்டாப் தயாரிப்பாளர்கள் பலரும் 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்லித்தான் கையேட்டில் அச்சிடுகிறார்கள். கத்திரி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட பெரம்பலூர் மாடிக் கடை ஒன்றில், பிற்பகல் மூன்று மணிக்கு அறைக் காற்றே 38-ஐத் தாண்டிவிடுகிறது. பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதனால் இரண்டு மாவட்டங்களிலும் "சூட்டுல நிக்குது சார்" என்பது கடைக்காரர் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் பதில். அந்தப் பதில் சில நேரம் சரி. பல நேரம், கரண்ட்டோ ரேமோ எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கியோ செய்த குற்றம் வெயிலின் தலையில் விழுகிறது. இதற்கு எதிரான தவறும் உண்டு. உண்மையிலேயே சூட்டில் தவிக்கும் மெஷினை "விண்டோஸ் போச்சு, ஃபார்மட் அடிச்சிடலாம்" என்று எடுத்துப் போவார்கள். இந்த இரண்டு தவறுகளையும் தவிர்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம் என்பதே என் கட்சி. எத்தனை நேரத்தில் நின்றது, எப்படி நின்றது, மறுபடி எழ எவ்வளவு நேரம் எடுத்தது என்ற மூன்று கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் வாங்கினாலே பாதிக்கு மேல் துலங்கிவிடும்.

முதலில், சூடு பிராசஸரை என்ன செய்கிறது? சிலிக்கானின் வெப்பம் ஏற ஏற எலக்ட்ரான்களின் ஓட்டம் தடைபடுகிறது, டிரான்சிஸ்டர் மாறும் வேகம் குறைகிறது. ஒரு கணக்கின் விடை அடுத்த கடிகாரத் துடிப்புக்குள் வந்து சேராவிட்டால் தவறான விடை பதிவாகிவிடும். அதுதான் உறைந்துபோவதற்கும் பிழைச்செய்திக்கும் வேர். இன்னொரு பக்கம், மூடியிருக்க வேண்டிய டிரான்சிஸ்டர் வழியே கசியும் மின்னோட்டம் வெப்பத்தோடு சேர்ந்து கூடுகிறது. கசிவு கூடினால் வாட் கூடும், வாட் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் மறுபடி கசிவு. 1993-ல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட்டில் ஓடியது. 2004-ல் வந்த பிரெஸ்காட் வகைப் பென்டியம் 4-ன் வேகமான மாடல்கள் 100 வாட்டைத் தாண்டின. அந்த ஆண்டே இன்டெல் அடுத்ததாகத் திட்டமிட்டிருந்த டேஜாஸ் பிராசஸரைக் கைவிட்டு, வேகத்தைக் கூட்டுவதை விட்டுக் கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டும் பாதைக்குத் திரும்பியது. சூடுதான் அந்தத் தொழிலின் திசையையே மாற்றியது.

நோயறியும் வேலைக்கு இதைவிட முக்கியமான வரலாறு ஒன்று உண்டு. 2001 செப்டம்பரில் டாம்ஸ் ஹார்டுவேர் ஆசிரியர்கள் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளிலிருந்து ஹீட் சிங்கைக் கழற்றி, என்ன நடக்கிறது என்று படம் பிடித்தார்கள். ஏஎம்டியின் 1.4 கிகாஹெர்ட்ஸ் அத்லான் சில விநாடிகளில் புகைந்து செத்தது. பென்டியம் 3 அப்படியே உறைந்து நின்றது, ஆனால் பிழைத்தது. பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த விளையாட்டைத் தட்டுத் தடுமாறி ஓட்டியது. ஹீட் சிங்கைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்தது. அந்தப் படம் பார்த்தவர்களை உலுக்கியது. அதற்குப் பிந்தைய பிராசஸர்கள் படிப்படியாகப் பென்டியம் 4-ன் வழிக்கு வந்தன. குறிப்பிட்ட வரம்பை, பெரும்பாலும் 95 அல்லது 100 டிகிரியை, எட்டினால் முதலில் வேகத்தைக் குறைக்கும். அதிலும் அடங்காமல் 130 டிகிரியை ஒட்டிப் போனால், மதர்போர்டுக்குச் சமிக்ஞை அனுப்பி மின்சாரத்தையே துண்டித்துவிடும். லேப்டாப்பில் அவ்வளவு தூரம் போகவும் விடுவதில்லை. அதிலுள்ள கட்டுப்பாட்டுச் சில்லு முன்கூட்டியே அணைத்துவிடும்.

இதிலிருந்து கிடைக்கும் முடிவைப் பலர் கவனிப்பதில்லை. கடந்த இருபது ஆண்டுகளில் வந்த பிராசஸர், வெறும் சூட்டினால் மட்டும் நீலத்திரை காட்டுவது அரிது. அது முதலில் மந்தமாகும், பிறகு பட்டென்று அணையும். இடையில் விளக்கம் எதுவும் சொல்லாது. எனவே "நீலத்திரை வருது, அதனால பிராசஸர் சூடு" என்று ஒருவர் சொன்னால், நான் முதலில் ரேமைத்தான் சந்தேகிப்பேன். அதிலும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழைக் குறியீடு வந்தால் சந்தேகம் வலுக்கும். ரேமைக் கழற்றி, தங்க நிறப் பட்டையை அழிரப்பரால் துடைத்து மாட்டுவது நம் ஊர்க் கடைகளின் பழைய வைத்தியம். அதைக் கேலி செய்பவர்கள் உண்டு, ஆனால் தூசி ஊரில் அது வேலை செய்கிறது. விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். மதர்போர்டில் பிராசஸருக்கு மின்னழுத்தம் கொடுக்கும் பகுதி தளர்ந்திருந்தாலோ, வேகம் செயற்கையாகக் கூட்டப்பட்டிருந்தாலோ, 85 டிகிரியிலேயே கணக்குப் பிசகி நீலத்திரை வரலாம்.

விண்டோஸ் தன் நாட்குறிப்பில் எழுதி வைப்பதைப் பார்ப்பது அடுத்தது. ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று சிவப்புக் குறியோடு ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்ததும் சிலர் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கிறார்கள். அந்த வரி சொல்வது "போன முறை முறைப்படி மூடவில்லை" என்பதை மட்டுமே. கரண்ட் போனாலும், பிளக்கில் கால் இடறினாலும், பிராசஸர் சூட்டில் துண்டித்தாலும் அதே 41 தான். வெப்பத்துக்கே உரியது கெர்னல்-பவர் 86. விண்டோஸுக்கே ஆபத்து வரம்பு தெரியவந்து அது கணினியை மூடினால் இது பதிவாகும். கெர்னல்-பிராசஸர்-பவர் 37 என்பது பிராசஸரின் வேகம் கட்டுப்படுத்தப்பட்டது என்ற குறிப்பு. நிற்பதற்கு முன்னால் 37 வரிசையாக விழுந்து, பிறகு 41 வந்திருந்தால் வழக்கு ஓரளவு நிரூபணமான மாதிரிதான். லினக்ஸ் இதைவிட நேர்மையாகப் பேசும். கோரின் வெப்பம் வரம்பைத் தாண்டியது, வேகம் குறைக்கப்பட்டது என்று கெர்னல் பதிவில் நேரடியாகவே எழுதிவிடும்.

இனி, சூடு போல வேடம் போடும் மற்றவை. நம் பகுதியில் முதல் சந்தேக நபர் யுபிஎஸ். 2012-ல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்த காலத்தில் வாங்கிய யுபிஎஸ்கள், செத்த பேட்டரியோடு இன்னும் பல மேஜைகளுக்கு அடியில் கிடக்கின்றன. மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்தால் கணினி ரீஸ்டார்ட் ஆகும். பிற்பகலில் ஊரே ஏசியும் மோட்டாரும் போடும்போது மின்னழுத்தம் தாழும். வெயிலும் அதே நேரம்தான், அதனால் பழி சூட்டின் மேல் விழுகிறது. பிரித்தறிவது எளிது. ஒரே அறையில் இரண்டு மெஷின்கள் ஒன்றாக ரீஸ்டார்ட் ஆனால் அது பிராசஸர் இல்லை. அணைந்த அடுத்த நொடியே பொத்தானை அழுத்தி, கணினி முழு உற்சாகத்தோடு எழுந்து ஒரு மணி நேரம் ஓடினாலும் அது பிராசஸர் இல்லை. சூட்டில் நின்றது என்றால் உடனே எழுப்பினால் முன்னைவிடச் சீக்கிரம் நிற்கும். பத்து நிமிடம் ஆறவிட்டால் பழைய அளவு நேரம் ஓடும். எஸ்எம்பிஎஸ் பாதுகாப்புக்காகத் தன்னைப் பூட்டிக்கொண்டால் பொத்தானுக்கே பதில் வராது, சுவிட்சை அணைத்துச் சற்றுக் காத்திருந்து போட்டால்தான் வரும்.

இரண்டாவது நபர் கெபாசிட்டர். 1999 தொடங்கி 2007 வரை வெளிவந்த மதர்போர்டுகளில் மட்டமான மின்பகுபொருள் நிரப்பிய கெபாசிட்டர்கள் உலகெங்கும் உப்பின. டெல் நிறுவனம் இதற்காக 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. பழைய மெஷின்களைத் தாலுகா அலுவலகத்திலும் பள்ளியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஓட்டிக்கொண்டிருக்கும் நம் மாவட்டங்களில் இந்தத் தலைமுறை இன்னும் முழுதாக மறையவில்லை. மேல் மூடி தட்டையாக இல்லாமல் குவிந்திருந்தால் மருத்துவம் அதற்குத்தான். இங்கும் வெயில் மறைமுகக் குற்றவாளி. கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுப் பொறியாளர்களின் நடைமுறைக் கணக்கு. ஆனால் பிராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே பூசும் பேஸ்ட்டை மாற்றி அதைக் குணப்படுத்த முடியாது.

இவற்றைக் கழித்த பிறகும் சந்தேகம் சூட்டின் மேலேயே நின்றால், அடுத்த கேள்வி: சூட்டுக்குக் காரணம் எது? தூசியா, ஃபேனா, காய்ந்த பேஸ்ட்டா, தளர்ந்த ஹீட் சிங்கா? இதற்குத்தான் வெப்பமானி மென்பொருள் உண்மையில் உதவுகிறது. அதிலும் பார்க்க வேண்டியது எண்ணைவிட, எண் ஏறும் விதத்தை. கோர் டெம்ப், எச்டபிள்யூமானிட்டர் போன்ற ஒன்றைத் திறந்து வைத்து, பிராசஸருக்கு முழு வேலை கொடுங்கள். மிகப் பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக 1996-ல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய திட்டத்தின் பிரைம்95 நிரல்தான் இன்று உலகம் முழுக்கப் பிராசஸரை வாட்டிப் பார்க்கும் கருவி. வேலை கொடுத்த இரண்டு மூன்று விநாடியில் 45-லிருந்து 95-க்குத் தாவி, நிறுத்தியதும் அதே வேகத்தில் விழுந்தால், சூடு பிராசஸரை விட்டு ஹீட் சிங்குக்குப் போகவே இல்லை என்று பொருள். பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது ஹீட் சிங்க் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டிருக்கிறது. 2004-ல் வந்த எல்ஜிஏ 775 சாக்கெட்டோடு இன்டெல் அறிமுகப்படுத்திய நான்கு பிளாஸ்டிக் அழுத்துப் பின்களில் ஒன்று கழன்று நிற்பதைப் பற்றி எந்தச் சர்வீஸ் கடையிலும் கேட்டுப் பாருங்கள், தலையாட்டுவார்கள். மாறாக, பத்து நிமிடம் பதினைந்து நிமிடம் மெல்ல மெல்ல ஏறி, நிறுத்திய பிறகும் மெல்லவே இறங்கினால், சூடு ஹீட் சிங்குக்கு வந்துவிட்டது, அங்கிருந்து காற்றுக்குப் போக வழியில்லை. அது தூசி, அல்லது ஃபேன்.

கையால் தொட்டும் இதை உறுதி செய்யலாம். சென்சார் 95 காட்டும்போது ஹீட் சிங்கின் அடிப்பகுதி வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தால் தொடர்பு அறுந்திருக்கிறது. கை வைக்க முடியாமல் கொதித்தால் காற்றோட்டம் அறுந்திருக்கிறது. லேப்டாப்பில் பக்கவாட்டு வாயிலில் கையை வையுங்கள். ஃபேன் இரைகிறது, ஆனால் வெளியே காற்று வரவில்லை என்றால் உள்ளே பஞ்சு மெத்தை விரித்திருக்கிறது. இந்தச் சோதனைகளை எழுதும்போது எளிதாகத் தோன்றுகிறது. நடைமுறையில் வாடிக்கையாளர் கடையில் நிற்கும் ஐந்து நிமிடத்தில் மெஷின் ஒருபோதும் நிற்காது என்பதுதான் தொல்லை.

சென்சாரையும் கண்ணை மூடி நம்பக்கூடாது. இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் எண்முறை உணரி, உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி இருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. வரம்பை நெருங்கும்போது துல்லியமாக இருக்கும், சும்மா இருக்கும் நிலையில் காட்டும் 30, 35 எல்லாம் தோராயம். 2017-ல் வந்த ஏஎம்டி ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் மாடல்கள் ஃபேனின் வேகத்துக்காக உண்மையைவிட 20 டிகிரி கூட்டியே காட்டின. அதைப் பார்த்துப் பயந்து பேஸ்ட் மாற்றியவர்கள் ஏராளம்.

தூசி என்று பொதுவாகச் சொன்னேன். ஊருக்கு ஊர் தூசி வேறு. அரியலூர் கிரெட்டேசியஸ் காலக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகத்தின் ஆலை 1979-ல் வந்தது, அதைத் தொடர்ந்து ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், செட்டிநாடு, இந்தியா சிமெண்ட்ஸ் என்று வரிசையாக ஆலைகள். சுண்ணாம்புக்கல் லாரி போகும் சாலையை ஒட்டிய கடைகளில் கணினியைத் திறந்தால் உள்ளே வெளிர்சாம்பல் மாவு பூசியிருக்கும். சுரங்கத்துச் சுண்ணாம்புத் தூசியை பிரஷ்ஷும் ப்ளோயரும் வைத்து எளிதாகத் தட்டிவிடலாம். அரைத்த சிமெண்ட் தூசி அப்படி இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தைக் குடித்து ஹீட் சிங்கின் தகடுகளுக்கு இடையே இறுகிக்கொள்ளும். பிறகு ப்ளோயர் அடித்தால் மேலே இருப்பது மட்டும் பறக்கும், அடியில் இருப்பது அசையாது. கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, காயவைத்துத்தான் மாட்ட வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் மண், பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் பூமி. அங்கே ஹீட் சிங்கில் கிடைப்பது பொடியாக இருக்காது, நாராக இருக்கும். பஞ்சு இழை ஃபேனின் உள்வாயிலில் ஒரு பாயாகப் பின்னிக்கொண்டு, அதன் மேல் மண் படியும். வெளியிலிருந்து காற்று அடித்தால் அந்தப் பாய் இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். இடுக்கியால் உரித்து எடுப்பதே வழி. அருகருகே இருக்கும் இரண்டு மாவட்டங்களுக்கும் சர்வீஸ் முறையே கொஞ்சம் வேறாக இருக்க வேண்டும், ஆனால் ஒரே மாதிரி ப்ளோயரைத்தான் எல்லாரும் தூக்குகிறார்கள்.

இந்தப் பகுதியின் மிகப் பெரிய கணினிக் கூட்டம் ஒன்றைப் பற்றியும் பேச வேண்டும். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாநிலம் முழுக்க ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர் கைக்குப் போயின. வேப்பூர், ஆலத்தூர், செந்துறை, திருமானூர் கிராமங்களில் பல வீடுகளுக்கு அதுதான் முதல் கணினி. அவை குறைந்த சக்திப் பிராசஸர்கள், அவ்வளவு எளிதில் கொதிப்பவை இல்லை. ஆனால் மேஜை இல்லாத வீட்டில் லேப்டாப் இருக்கும் இடம் மெத்தை, தலையணை, பாய், மடி. காற்று இழுக்கும் துளை அடியில் இருப்பதால் தலையணை மேல் வைத்த லேப்டாப்புக்கு மூச்சு நின்றுவிடுகிறது. ஓட்டு வீட்டின் பிற்பகல் வெப்பமும் சேர்ந்தால் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போது அணைகிறது. அந்த லேப்டாப்பைத் திறந்து பேஸ்ட் மாற்றுவதற்கு முன்னால், அடியில் ஒரு பலகை வைத்து ஒரு வாரம் பார்ப்பது நல்லது. அதற்குக் காசு வாங்க முடியாது என்பதால் யாரும் சொல்வதில்லை.

ஃபார்மட் கதைக்கு வருகிறேன். சூட்டில் நிற்கும் மெஷினுக்கு ஃபார்மட் அடித்தால் சில வாரம் நன்றாக ஓடுவது உண்மை. அதனால்தான் அந்த வைத்தியத்துக்குப் பெயர் கெடவில்லை. பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த இருபது நிரல்கள், வைரஸ், சில நேரம் திருட்டுத்தனமாகக் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் எல்லாம் ஃபார்மட்டில் போய்விடுகின்றன. பிராசஸருக்கு வேலை குறைகிறது, சூடு குறைகிறது. தூசி அப்படியே இருக்கிறது. பருவமும் இதே வகையில் ஏமாற்றும். புரட்டாசி கடைசியில் எதைச் செய்தாலும் மெஷின் குணமாகும், ஏனென்றால் அறை பத்து டிகிரி குளிர்ந்துவிடுகிறது. பழைய கோளாறு பங்குனியில் திரும்பி வரும். சர்வீஸ் செய்தது பலித்ததா என்று அறிய வேண்டுமானால் அறை வெப்பத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். ஜனவரியில் அறை 26, பிராசஸர் 71 என்றால் வித்தியாசம் 45. அதே வித்தியாசம் மே மாதம் 40 டிகிரி அறையில் 85-ஐக் காட்டும். மெஷின் கெடவில்லை, அறைதான் மாறியிருக்கிறது. சர்வீஸுக்கு முன்னும் பின்னும் இந்த வித்தியாசத்தைக் குறித்து வைக்கும் கடை எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரு துண்டுச் சீட்டு போதும் இதற்கு.

கேபினட்டைத் திறந்து பெடஸ்டல் ஃபேனை நேராகத் திருப்பிவிடும் சோதனை எல்லாருக்கும் தெரியும். அதில் மெஷின் நின்றுபோவது நின்றுவிட்டால் கோளாறு சூடுதான் என்று உறுதி. ஆனால் எதன் சூடு? அந்தக் காற்று பிராசஸரை மட்டும் குளிரவைப்பதில்லை, மின்னழுத்தம் கொடுக்கும் பகுதி, மதர்போர்டின் சிப்செட், ரேம், ஹார்ட் டிஸ்க், எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றையும் சேர்த்தே குளிரவைக்கிறது. பிராசஸர் 70 டிகிரியில் நிம்மதியாக இருக்க, பக்கத்தில் மின்னழுத்தம் கொடுக்கும் பகுதியின் மாஸ்ஃபெட்கள் கொதித்து மெஷினை நிறுத்துவது மலிவான மதர்போர்டுகளில் சகஜம். ஆகவே ஃபேன் சோதனையோடு வெப்பமானியையும் சேர்த்துப் பார்த்தால்தான் குற்றவாளி யார் என்று சொல்ல முடியும்.

அரசு அலுவலகங்களில் இன்னொரு விசித்திரம். 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்த பெரம்பலூரும், ஒருமுறை பிரிந்து சேர்ந்து 2007-ல் மறுபடி தனி மாவட்டமான அரியலூரும், புதிய கட்டடங்களோடு புதிய கணினி அறைகளையும் பெற்றன. அந்த அறைகளில் ஏசி உண்டு. கரண்ட் போனால் ஏசி நிற்கும். ஆனால் யுபிஎஸ்ஸில் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும். ஜன்னல் திறக்காத சிறிய அறையில் அரை மணி நேரத்தில் வெப்பம் எங்கோ போய்விடும். சர்வர் அணையும்போது பேட்டரியில் இன்னும் சார்ஜ் இருக்கும், எல்லாரும் குழம்புவார்கள். அமெரிக்காவின் ஆஷ்ரே அமைப்பு சர்வர் அறைகளுக்கு 18 முதல் 27 டிகிரி என்று பரிந்துரைத்தாலும், 45 டிகிரி வரை தாங்கும் ஏ4 என்ற வகையை 2011-லேயே வரையறுத்திருக்கிறது. நம் பகுதிக்கான டெண்டரில் கேட்க வேண்டியது அந்த வகை. ஆனால் ஏசியின் டன் கணக்கோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

கடைசியாக, தீராத ஒரு வழக்கு. அரியலூர்க் கடைகளில் பாதி கணினிகள் பக்கத் தகடு இல்லாமல் ஓடுகின்றன. திறந்து வைத்தால் இன்றைக்குச் சில டிகிரி குறையும், ஆனால் ஆறு மாதத்தில் இரண்டு மடங்கு தூசி. மூடி வைத்தால் தூசி குறையும், இன்றைக்கே சூடு. சிலர் முன்பக்க வாயிலில் கொசுவலைத் துணி கட்டுகிறார்கள். அது பஞ்சைத் தடுக்கும், சிமெண்ட் தூளைத் தடுக்காது, காற்றையும் கொஞ்சம் குறைக்கும். பெரம்பலூர்ப் பருத்திக்கு வலை சரி. சிமெண்ட் லாரி போகும் சாலையில் கடை இருந்தால் தகட்டை மூடி, பின்பக்கம் கூடுதலாக ஒரு ஃபேன் மாட்டி, மாசி மாதம் ஒருமுறையும் மழை தொடங்குவதற்கு முன் புரட்டாசியில் ஒருமுறையும் கழற்றிச் சுத்தம் செய்வதுதான் கட்டுப்படியாகும். பேஸ்ட் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.